48 லட்சத்தையும் வங்கியில் காசாகவே வைத்திருக்கிறேன்: எவ்வளவு வைக்கலாம், எவ்வளவு வெளியே போடலாம்?

செங்கலடி_ஏசி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். விவரம் சொல்லாமல் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும்.

வயது 44. கட்டாரில் ஏசி வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊரோடு வந்து சேர்ந்தேன். இப்போது செங்கலடியில் சின்னக் கடை. அதோடு பாசிக்குடாவில் இரண்டு ஹோட்டல்களின் ஏசி பராமரிப்பும் என் கையில். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கழுத்து மட்டும் வேலை. மாரி இறங்கினால் ஹோட்டலில் ஆளில்லை, ஆளில்லாத அறைக்கு ஏசி எதற்கு? மனைவி முன்பள்ளி ஆசிரியை. அந்தச் சம்பளம் எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கையில் இருப்பது ரூபாயில் 48 லட்சம். பாதி சேமிப்புக் கணக்கில், பாதி மூன்று மாத நிலையான வைப்பில், எல்லாம் ஒரே வங்கியில். வெளிநாட்டு நாணயக் கணக்கில் 9,000 டொலர். மனைவியின் நகை 20 பவுண் அளவில். படுவான்கரைப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது, ஆள் வைத்து நானே செய்விக்கிறேன். ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்குக் கிட்ட முடிகிறது. கடன் ஒன்றும் இல்லை.

மகன் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறான். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கொழும்பில் ஏதாவது படிக்க வைக்க வேண்டும், அதற்கு 15 லட்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மகளுக்கு 13 வயது. நம் ஊர் வழக்கம் தெரியும்தானே, வீடு அவளுக்கு. வளவு இருக்கிறது, வீடு கட்டவில்லை. அதற்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது.

மச்சான் கொழும்பிலிருந்து கோல் எடுக்கும்போதெல்லாம் பங்குச் சந்தைச் சுட்டி 20,000 தாண்டிவிட்டது, நீ இன்னும் பாங்க் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாய் என்கிறார். மாமாவோ பவுண் 3 லட்சம் தாண்டிவிட்டது, இன்னும் ஏறும், வாங்கிப் போடு என்கிறார். நான் நிலைமை தெளியட்டும் என்று காத்திருக்கிறேன். இந்த 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் சாமான்களுக்கு 44 வீதத் தீர்வை என்றது, ஆகஸ்டில் அது 20 ஆனது. இங்கே வைப்பு வட்டி 8 வீதத்துக்கு வந்துவிட்டது. இதில் எப்போது தெளியும் என்று எனக்குப் புரியவில்லை.

எத்தனை வீதம் காசாக வைத்திருப்பது சரி? மீதியை எதில் போடலாம்? விற்க வருபவர்களிடம் கேட்க விருப்பமில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வெல்லாவெளி_வட்டை

தம்பி, வீதம் கீதம் எனக்குத் தெரியாது. வயலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நகை அடகுக்குப் போகும், அறுவடை முடிந்து பங்குனியில் வீட்டுக்கு வரும். உழவு, விதை, பசளை, கிருமிநாசினி எல்லாம் அந்தக் காசில்தான் நடக்கும். போகம் சரியாக வந்தால் பிரச்சினை இல்லை. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தினார்களே, அந்தப் பெரும்போகம் விளைச்சல் படுத்தது. வைத்த நகையை மீட்க முடியாமல் ஏலத்துக்கு விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆகவே 20 பவுணை வயலோடு சேர்க்காதீர்கள். வயலுக்கு 3 லட்சம் வேண்டுமென்றால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். மறுகா மற்றதைப் பார்க்கலாம்.

மாமா சொல்கிறார் என்று புது நகை எடுக்கவும் வேண்டாம். செய்கூலி, சேதாரம் என்று கொடுத்த காசு விற்கும்போது திரும்பி வராது.

கல்முனை_பென்ஷன்காரி

தம்பி, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கடைசி வருடங்கள் முழுக்க வைப்புக் கவுண்டரில்தான் இருந்தேன்.

வீதத்தை முதலில் விடுங்கள். நூறிலிருந்து வயதைக் கழித்து வருவதைப் பங்கில் போடு என்று ஒரு கணக்கு எல்லா இடமும் சுற்றுகிறது. அதன்படி உங்களுக்கு 56 வீதம் பங்கு. மாதம் தவறாமல் சம்பளம் வருபவர் அதைப் பற்றி யோசிக்கலாம். மாரியில் வருமானம் வற்றுகிறவருக்கு அது சரிவராது.

நீங்கள் எழுதிய சொத்துப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது உங்கள் உழைப்பு. பாசிக்குடா எப்போதெல்லாம் படுத்தது என்று நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2020இல், 2022இல் பெற்றோல் வரிசை நின்றபோது. அந்த மூன்று தடவையும் பங்குச் சந்தையும் சேர்ந்தே விழுந்தது. 2020 மார்ச் 20இல் மூடிய சந்தை மே 11இல்தான் திறந்தது. 2022இல் சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் ஒரு வாரம் மூடி வைத்தார்கள். நட்டமானாலும் பரவாயில்லை, விற்றுவிடுவோம் என்று நினைத்தவருக்குக்கூட அந்த நாட்களில் வழி இருக்கவில்லை. உங்கள் ஹோட்டல் வருமானமும் பங்கும் ஒரே தோணியில் போகிறவை. இதோடு வயலையும் சேருங்கள். உழைப்புக் குறைகிற அதே மாதங்களில்தான் வயல் காசு கேட்கிறது. 2024 நவம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் விதைத்தது போய், திரும்ப விதைக்கவும் காசு வேண்டும். ஆகவே ஓர் அரசாங்க ஊழியருக்கு ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் போதும் என்பேன். உங்களுக்கு ஒரு வருடம் வேண்டும்.

இப்போது கணக்குப் பாருங்கள். வயலுக்கு 3. வீட்டுச் செலவு மாதம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால் வருடத்துக்கு 13. மகன் படிப்புக்கு 15. மொத்தம் 31 லட்சம். இந்த 31க்கும் தேவைப்படும் காலம் தெரிந்திருக்கிறது. அமெரிக்கா என்ன செய்தாலும், சந்தை 20,000இல் நின்றாலும் 10,000இல் நின்றாலும், ஐப்பசியில் உழவுகாரனுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். அதனால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை, காசாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் கேட்கும் கேள்வி மீதி 17 லட்சத்துக்கும் டொலருக்கும் மட்டும்தான். 48 லட்சத்துக்கும் சேர்த்துக் கவலைப்படுவதால்தான் ஒன்றும் ஓடாமல் இருக்கிறது.

காசு என்றால் சேமிப்புக் கணக்கு மட்டும் இல்லை. மூன்று மாத வைப்பு, ஆறு மாத வைப்பு, ஒரு வருட வைப்பு, 91, 182, 364 நாள் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் வாங்கும் குறுகிய காலக் கடன் பத்திரம்), எல்லாம் காசுதான். எது நல்லது என்று கேட்பீர்கள். 2021 கடைசியில் ஒரு வருட வைப்புக்கு 6 வீதம் சொச்சம் கொடுத்தோம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது. வைப்பை உடைத்துத் திரும்பப் போட என் கவுண்டரில் காலை எட்டரைக்கே கூட்டம். அந்த வருடக் கடைசியில் 91 நாள் உண்டியல் 30 வீதத்தைத் தாண்டியே நின்றது. இன்னும் ஏறும், பூட்டி வைக்கக் கூடாது என்று பலர் மூன்று மாதத்திலேயே நின்றார்கள். 2023 நடுவிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியது, ஒவ்வொரு தடவை புதுப்பிக்க வரும்போதும் முகம் சுருங்கும். 2022 கடைசியில் பேசாமல் ஒரு வருடத்துக்குப் போட்டவர்கள்தான் தப்பினார்கள். அவர்களும் கெட்டிக்காரர்கள் என்றில்லை. அதில் ஒரு ஐயா, அடிக்கடி பஸ் ஏறி வர முழங்கால் விடாது என்றுதான் ஒரு வருடம் போட்டார்.

ஊகிக்க வேண்டாம், பிரித்துப் போடுங்கள் என்று அதனால்தான் சொல்கிறேன். 13 லட்சத்தில் 3 சேமிப்பில் இருக்கட்டும். மற்றதை மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று பிரியுங்கள். மகன் படிப்புக் காசை அவன் பரீட்சை முடிவு வரும் காலத்துக்கு முதிர்கிற மாதிரிப் போடுங்கள்.

எல்லாம் ஒரே வங்கியில் என்றீர்களே, அதை மாற்றுங்கள். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைக்கும்தான். இரண்டு மூன்று வங்கியாகப் பிரிக்கலாம். நிதிக் கம்பனி இரண்டு வீதம் கூடத் தருகிறது என்று போனால் 11க்கு மேல் வைக்கவே வேண்டாம். ஊர்ச் சங்கம், சீட்டு இதெல்லாம் அந்தக் காப்புறுதிக்குள் வராது.

அரசாங்கம் வங்கிக் காசிலேயே கை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். நாட்டின் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிறோம் என்று 2023 ஜூன் 29 தொடங்கி ஜூலை 3 வரை ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்தபோது இங்கேயும் அந்தப் பயம்தான், ஏடிஎம் முன்னால் வரிசை. கடைசியில் வைப்புகளைத் தொடவில்லை. வெளியார் வைத்திருந்த திறைசேரி உண்டியல்களையும் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த அரசாங்கக் கடன் முறிகளைத்தான் நீண்ட காலத்துக்கு மாற்றினார்கள். அடுத்த தடவையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு வாரச் செலவுக்குத் தாளாக வீட்டில் இருக்கட்டும்.

டொலரைத் தொடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சம், மே மாதம் 360. ரூபாய்க் காசு ஓரிரண்டு வருடத்துக்குப் பாதுகாப்பு. பத்து வருடத்துக்கு அப்படிச் சொல்ல என்னால் முடியாது.

வெள்ளவத்தை_மட்டக்களப்பான்

அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் பயம் கொஞ்சம் கூடிவிட்டது.

2022 முடிவில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 8,500க்குக் கொஞ்சம் கீழே. 2024 முடிவில் 15,900 தாண்டியது. இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது, தெருவில் காஸ் சிலிண்டர் வரிசை, யாருக்கும் ஒன்றும் தெளிவாக இருக்கவில்லை. தெளிந்த பிறகு வாங்குவோம் என்று நின்றவருக்கு அந்த விலை கிடைக்கவே இல்லை. தெளிவு வரும்போது விலையும் ஏறியிருக்கும், அதுதான் சந்தை. செங்கலடி அண்ணன் இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

31 லட்சம் காசு, சரி, ஒப்புக்கொள்கிறேன். மீதி 17ம் பங்குக்குப் போகட்டும். ஒரே நாளில் வேண்டாம், மாதம் 70,000 என்று இரண்டு வருடம். தனித்தனிக் கம்பனி பார்க்க நேரமில்லையென்றால் யூனிட் ட்ரஸ்ட், அதாவது பலரின் காசைச் சேர்த்துப் பல பங்குகளில் போடும் நிதி. புரோக்கர் கடன் தருகிறேன் என்றால் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கல்முனை_பென்ஷன்காரி

தம்பி, 2022 முடிவிலிருந்து எண்ணினால் இரட்டிப்பு. ஒரு வருடம் முன்னால் தொடங்கிப் பாருங்கள். 2021 முடிவில் சுட்டி 12,200, டொலர் 200. வகுத்தால் 61. 2024 முடிவில் 15,900, டொலர் 293. வகுத்தால் 54. ரூபாயில் ஏறியது, டொலரில் மூன்று வருடம் கழித்தும் பழைய இடத்துக்கு வரவில்லை. செங்கலடித் தம்பிக்கு ரூபாயில் ஏறினால் போதாது, வீடு கட்ட வேண்டும். வயர், குழாய், டைல்ஸ், இரும்பு எல்லாம் டொலரைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள்.

2021 முடிவில் வாங்கியவர் 2022இல் காசு தேவைப்பட்டு விற்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். தேவைப்படாமல் பிடித்திருந்தவர் தப்பினார். இரண்டு பேரும் வாங்கியது ஒரே பங்குதான். ஒருவருக்குக் கையில் வேறு காசு இருந்தது.

நான் பங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 17இல் 7 போடட்டும், நீங்கள் சொன்ன மாதிரி மாதாமாதம். டொலர் 9,000 வீட்டுக்கு. மீதி 10இல் சந்தை நன்றாக விழுந்தால் எடுக்கக் கொஞ்சம், வளவுக்கு மதில் கட்ட, கிணறு இறைக்க என்று கொஞ்சம். மச்சானிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சுட்டி 8,500இல் இருந்தபோது கோல் எடுத்தாரா?

சம்மாந்துறை_ஆலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நாங்கள் வட்டி எடுப்பதில்லை, அதனால் எங்கள் காசு வட்டிக்குப் பதில் லாபத்தைப் பங்கிடும் முதாரபா கணக்கில் கொஞ்சம், நெல்லில் நிறைய. கேள்வியில் வயல் வந்ததால் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அறுவடை முடிந்த கையோடு எல்லாரும் ஈர நெல்லைத் தள்ளிவிடுவார்கள், விலை விழும். காயவைத்து வைக்க இடம் உள்ளவருக்குப் பிறகு நல்ல விலை கிடைக்கும். கையில் காசு உள்ள விவசாயிக்குத்தான் அந்தப் பொறுமை வரும். அடகு மீட்க ஓடுகிறவர் களத்திலேயே கொடுத்துவிடுவார். அண்ணனுக்குப் பென்ஷன் அக்கா ஒதுக்கச் சொன்ன காசுக்கு இப்படி ஒரு லாபமும் உண்டு, அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஆனால் நெல்லை வாங்கி அடுக்கிப் பெரிய லாபம் பார்க்கலாம் என்று இறங்க வேண்டாம். இந்த 2025 மாசியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று கீழ் விலை வைத்தது, அதற்கு முந்திய டிசெம்பரிலேயே நாட்டு அரிசிக்கு 230 என்று மேல் விலை வைத்துவிட்டது. நடுவில் இருப்பதில் குற்றுக்கூலி, கரண்ட், லொறி, பூச்சி, எலி எல்லாம் போக வேண்டும். 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அந்த 120ம் இல்லை. உங்கள் வயல் நெல்லில் பாதியை உடனே கொடுங்கள், பாதியை வையுங்கள், அவ்வளவு போதும்.

இன்னொன்று, எந்த மில்லுக்கும் நெல்லைக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். நானே மில்காரன், நான் சொல்கிறேன்.

செங்கலடி_ஏசி

எல்லோருக்கும் நன்றி. இரவு மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வீட்டுச் செலவு மாதம் 95,000 வருகிறது, அக்கா போட்டதற்குக் கிட்டத்தான். 31க்கு அவரும் சம்மதம். பங்குக்கு 7 என்றதும் முகம் மாறிவிட்டது. கடைசியில் 5 என்று முடிந்தது, மாதம் 25,000 வீதம், ஒரு யூனிட் ட்ரஸ்டில். வெள்ளவத்தைத் தம்பிக்கு இது குறைவாகத் தெரியும். ஆனால் விழுகிற மாதத்திலும் மனைவி என்னோடு சண்டை பிடிக்காத தொகை எதுவோ அதைத்தான் போட முடியும்.

நேற்று வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை 13 லட்சத்தையும் ஒரே வைப்பாக, ஒரு வருடத்துக்குப் போடுங்கள், வட்டி கொஞ்சம் கூடத் தரலாம் என்கிறார். அவசரம் வந்தால் உடைக்கலாம்தானே என்றும் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிப்பார்கள் என்றார், அதற்கு ஏதாவது வழி உண்டா?

கல்முனை_பென்ஷன்காரி

ஒரே வைப்பாகப் போட வேண்டாம். 2 லட்சம் தேவைப்பட்டாலும் 13ஐயும் உடைக்க வேண்டி வரும், உடைத்தால் ஓடிய காலத்துக்கு வட்டியைக் குறைத்துத்தான் தருவார்கள். சேமிப்பில் விடும் 3 போக மீதி 10ஐ இரண்டு இரண்டரை லட்சமாகத் தனித்தனிச் சான்றிதழ் கேளுங்கள். தர மாட்டேன் என்று சொல்ல முடியாது, எழுதுவதற்குச் சோம்பல், அவ்வளவுதான். மனைவியின் பெயரையும் சேர்த்து, இருவரில் ஒருவர் கையெழுத்துப் போதும் என்று போடுங்கள். நீங்கள் பாசிக்குடாவில் கூரை மேல் நிற்கும்போது செங்கலடியில் காசு தேவைப்படலாம்.

வரி 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம், அது சரி. வருட வருமானம் எல்லாம் சேர்த்து 18 லட்சத்துக்குள் என்றால் சுய பிரகடனப் படிவம் ஒன்று இருக்கிறது, அதை நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். வரி இலக்கம் கேட்பார்கள், எடுத்துக்கொண்டு போங்கள். கடை வருமானத்தையும் சேர்த்துத்தான் 18 லட்சம், அதை மறக்க வேண்டாம். இரண்டு வங்கியில் வைத்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும், வருடா வருடம் புதிதாகக் கொடுக்க வேண்டும். தானாக வைப்பைப் புதுப்பிக்கும் கட்டத்தில் மட்டும் அடையாளம் போடாதீர்கள், முதிரும் நாளில் நீங்களே போய்ப் பார்த்து முடிவெடுங்கள்.